பெர்டாக்டின் மரபணு இருக்கிறது, புரதம் இல்லை

கக்குவான் இருமல் கிருமியின் மேற்பரப்புப் புரதமான பெர்டாக்டின் பற்றி உங்கள் இரு சோதனைகளும் முரண்படுவதாகக் கேட்டிருந்தீர்கள். மரபணுவைத் தேடும் பிசிஆர் 'உண்டு' என்பதும் புரதத்தைத் தேடும் எலிசா 'இல்லை' என்பதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். மரபணு இருக்கிறது, ஆனால் உடைந்திருக்கிறது.

பெரும்பாலும் காரணம் ஐ.எஸ்.481 என்ற, மரபணுத்தொகுதியில் இடம் மாறித் தாவும் டிஎன்ஏ துண்டு. கக்குவான் இருமல் கிருமியில் இதற்கு 200க்கும் மேற்பட்ட பிரதிகள் உண்டு. அதில் ஒன்று பெர்டாக்டின் மரபணுவுக்குள் புகுந்துவிடும். உங்கள் பிரைமர்கள் (பிசிஆர் எங்கிருந்து பெருக்க வேண்டும் என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) சிறு பகுதியை மட்டும் பெருக்குவதால் அது தெரியவில்லை.

1. முழு மரபணுவையும் பெருக்குங்கள்: சுமார் 2.7 கிலோபேஸ் (2,700 எழுத்துகள்). டிஎன்ஏவைப் பெருக்கும் சாதாரண டாக் நொதி என்றால் நீட்சிக்கு 4 நிமிடம் கொடுங்கள். மரபணுவில் ஜி, சி எழுத்துகள் அதிகம்; இழைகள் எளிதில் பிரிய 5% டிஎம்எஸ்ஓ கரைப்பான் சேர்ப்பது உதவும்.

2. பெர்டாக்டின் மரபணு உடையாத ஒப்பீட்டு விகாரமான (கிருமி வகையான) டொஹாமா 1-ஐப் பக்கத்தில் வைத்து 1% அகரோஸ் ஜெல்லில் ஓட்டுங்கள். பட்டை 3.8 கிலோபேஸுக்கு ஏறியிருந்தால் பெரும்பாலும் ஐ.எஸ்.481தான்.

3. 2.7லேயே நின்றால் வரிசைப்படுத்துங்கள், மரபணுவை இயக்கும் முன்பகுதியான புரோமோட்டரையும் விடாதீர்கள். ஒற்றை எழுத்து மாற்றமோ 22 கிலோபேஸ் தலைகீழ்த் திருப்பமோ இருக்கலாம்.

இதற்கெல்லாம் முன் வளர்ப்பைச் சரிபாருங்கள். மெக்னீசியம் சல்பேட் கூடினாலோ 25 டிகிரியில் வளர்த்தாலோ நல்ல கிருமியும் பெர்டாக்டினை நிறுத்திவிடும். அதே நிலைகளில் நின்றுபோகும் இன்னொரு புரதமான இழை ஹீமக்ளூட்டினினும் காணவில்லை என்றால் பிழை பெரும்பாலும் வளர்ப்பில்தான்.

அறிக்கையில் 'தடுப்பூசி தோற்றது' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். பெர்டாக்டின் உள்ள செல்லற்ற தடுப்பூசி (முழுக் கிருமிக்குப் பதில் அதன் சில புரதங்கள் மட்டும் கொண்டது) பெர்டாக்டின் இல்லாத விகாரங்களுக்குச் சாதகமாக அமைந்தது உண்மை. ஜப்பானில் பெர்டாக்டின் இல்லாத தடுப்பூசிகள் பரவியபின் இந்த விகாரங்கள் குறைந்தன. ஆனாலும் தடுப்பூசி தரும், கிருமியின் நச்சுக்கு எதிரான பாதுகாப்பு அப்படியே வேலை செய்கிறது.