பக்கவாதம் வந்த கைக்குப் பயிற்சி: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் என் கணவருக்கு நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. மெதுவாக நடக்கிறார், ஆனால் வலது கை வழங்கவில்லை. நாகர்கோவிலில் ஒரு மையம் முப்பது நாள் ஆக்குபேஷனல் தெரபிக்கு மொத்தப் பணத்தையும் முன்பே கேட்கிறது. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கித் தர ஒருவர் 6,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இரண்டு பேருக்குமே கொடுக்காதீர்கள், சகோதரி.

முதலில் அந்த அட்டை. அதற்குக் கட்டணமே கிடையாது. நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு நீங்களே விண்ணப்பிக்கலாம். ஊனம் எத்தனை சதவீதம் என்று, பரிசோதிக்கும் டாக்டர்தான் முடிவு செய்வார். "எண்பது சதவீதம் போட்டுத் தருகிறேன்" என்று புரோக்கர் சொன்னால் அது ஏமாற்று.

ஒன்றைக் கவனியுங்கள். பக்கவாதத்துக்குப் பொதுவாக ஆறு மாதம் கழித்துத்தான் ஊனத்தை மதிப்பிடுவார்கள், ஏனென்றால் அதுவரை கை கால் தேறிக்கொண்டிருக்கும். இப்போது திருப்பி அனுப்பினால் மறுத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சில வருடத்துக்கு மட்டும் செல்லும் சான்று தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு மறுபடி காட்டிப் புதுப்பிக்கலாம். இந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறார்.

இனி பயிற்சி. ஆக்குபேஷனல் தெரபி என்பது கரண்ட் மெஷினில் கையை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதல்ல. சாப்பிட, குளிக்க, சட்டை போட, முடிந்தால் பழைய வேலையில் ஒரு பங்கையாவது செய்ய வைப்பது. உங்கள் வீட்டுக் குளியலறை, படி, கழிப்பறை பற்றி ஒன்றும் கேட்காமல் பேக்கேஜ் விலை சொல்பவரிடம் போகாதீர்கள். "ஆறு மாதம் தாண்டினால் கை அவ்வளவுதான்" என்றும் பயமுறுத்துவார்கள். முதல் மாதங்களில் தேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை, அதற்குப் பிறகும் பயிற்சிக்குப் பலன் உண்டு.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, வீட்டில் செய்யும் பயிற்சியை எழுதி வாங்குங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கூலிக்குப் பால் வெட்டும் குடும்பம் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வரிசையில் நிற்க வேண்டும் என்பது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. மலையோர ஊர்களுக்கு இந்தச் சிகிச்சை தெரிந்தவர்களை அரசே அனுப்ப வேண்டும். ஆனால் அதற்காக நீங்கள் காத்திருக்க முடியாதே.

இன்றே தொடங்க வேண்டியவை: ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கட்டும். சட்டை போடும்போது வலது கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். ஸ்பூன் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கி, கொஞ்சமாவது அந்தக் கையாலேயே சாப்பிடட்டும். பால் வெட்டும் கத்தி பிடிக்க நாளாகும். நடை உறுதியானதும் சிரட்டையில் ஒட்டி உறைந்த ரப்பர் பாலை (ஒட்டுப்பால்) எடுக்கும் வேலையைச் சமதரையில், இடது கையால், வலது கையைத் துணைக்கு வைத்துச் செய்து பார்க்கலாம். எழுப்பும்போது மட்டும் அந்த வலது கையைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள், தளர்ந்த தோள்பட்டை இறங்கிவிடும்.