கேள்வி–பதில்: மலையின் பெயர் தாங்கிய ஜிக்

கேள்வி: பள்ளி இசைக்குழுவில் வயலின் வாசிக்கும் என் மகளுக்கு ‘ஸ்லீவ் ரஸ்ஸல்’ என்னும் ஐரிஷ் நடன மெட்டை, அதாவது ஜிக்கைப் பயிற்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது ஒரு மலையின் பெயர் என்கிறாள். மெட்டு அந்த மலையை வருணிக்கிறதா? கர்நாடக இசை கற்ற என் காதுக்கு அது கரகரப்பிரியா ராகத்தைப் போல ஒலிப்பது ஏன்?
— வாசகி, ஈசூன்

பதில்: மலையை வருணிப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. அயர்லாந்தின் கேவன் வட்டாரத்தில், பாலிகானல் என்னும் சிற்றூருக்கு அருகே, வட அயர்லாந்து எல்லையை ஒட்டி அம்மலை நிற்கிறது. நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று ஏறத்தாழ 163 மீட்டர் என்றால், அது 400 மீட்டரைச் சற்றே தாண்டும். ‘ஸ்லீவ்’ என்ற ஐரிஷ் சொல்லுக்கே மலை என்றுதான் பொருள். நாம் ஒரு கீர்த்தனையைப் பல்லவியின் முதற்சொற்களால் அடையாளம் காண்கிறோம். ஆடுவதற்கென்று பிறந்த ஜிக்குகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாகித்தியம் இல்லாததால், ஊர், மலை, மனிதர் என ஏதேனும் ஒரு பெயர் மெட்டின்மேல் ஏறி நிலைத்துவிடுகிறது. ஒரே மெட்டு பல பெயர்களில் வழங்குவதும், ஒரே பெயரில் வெவ்வேறு மெட்டுகள் இருப்பதும் அங்கே இயல்பு.

உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. இம்மெட்டைப் பெரும்பாலும் ‘ஏ’ சுரத்தை ஆதாரமாகக் கொண்ட ‘டோரியன்’ என்னும் மேற்கத்தியச் சுர அமைப்பில் வாசிக்கிறார்கள். அதன் ஏழு சுரத்தானங்களும் 22ஆம் மேளமான (தாய் ராகமான) கரகரப்பிரியாவுக்கு உரியவையே. ஆனால் சுரங்கள் ஒன்றானதால் மட்டும் ராகம் ஒன்றாகிவிடாது. நாம் அசைத்துப் பாடும் காந்தாரமும் நிஷாதமும் ஐரிஷ் வயலினில் நேராக நிற்கின்றன. பக்கத்துச் சுரத்தை விரல் கணப்பொழுதில் தொட்டு மீளும் ‘கட்’, ‘ரோல்’ ஆகியவையே அங்கு அணிகள். வீட்டில் கேட்ட பழக்கத்தால் மகள் காந்தாரத்தை அசைத்தால், அன்போடு தடுத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது நடை. ஓர் அளவுக்கு, அதாவது இசைத்தாளில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு, ‘தகிட தகிட’ என ஆறு எண்ணிக்கை. ஒவ்வொரு மூன்றிலும் முதல் எழுத்தைச் சிறிதளவு நீட்டி, நடு எழுத்தைக் குறுக்கினால்தான் கால் தானாக எழும். இசைத்தாளில் ஆறும் சமமாகவே அச்சாகியிருக்கும். அப்படியே வாசிக்கிற பிள்ளைகளைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் சுரம் பிசகாமலே ஆட்டம் போய்விடுகிறது. எட்டெட்டு அளவுகள் கொண்ட இரு பகுதிகளில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்தால் 32 அளவுகளில் ஒரு சுற்று முடியும். சில சுற்றுகளுக்குப் பின் நிறுத்தாமல் அடுத்த ஜிக்குக்குள் நுழைவது கலைஞர்களின் வழக்கம். வில்லை எடுக்குமுன் நீங்கள் தாளம் போட, மகள் அந்த 32 அளவுகளையும் வாயால் ‘தகிட’ சொல்லிப் பழகட்டும். வேகம் பிறகு வரும்.