வாசகர் கேள்வி – பதில்: பார்வையாளர் கையிலேயே நடக்கும் சீட்டு வித்தை

கேள்வி: மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்திருக்கும்போது சீட்டு வித்தை செய்து காட்டுவது என் வழக்கம். ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைப்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. மற்ற யாவும் என் கையில் நடப்பதால், ‘ஏதோ கைவேகம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களே செய்து அவர்களே வியக்கும்படியான வித்தை உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்க வித்தைக்காரர் பாப் ஹம்மரின் பெயரால் அறியப்படும் ஒரு முறையைச் சொல்கிறேன். இதற்குக் கைவேகம் சிறிதும் வேண்டாம். சீட்டுகளைப் பார்வையாளரிடம் கொடுத்த பிறகு நீங்கள் தொடவும் வேண்டாம்.

சிவப்பு, கறுப்பு என மாறி மாறி வரும்படி பத்துச் சீட்டுகளைக் கட்டின் மேற்புறத்தில் முன்கூட்டியே அடுக்கி வையுங்கள். எண்களும் படச்சீட்டுகளும் கலந்திருக்கட்டும். அந்தப் பத்தையும் கவிழ்த்தபடியே எண்ணி ஒருவரிடம் கொடுங்கள். மேலிருக்கும் இரண்டு சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, ஒரே சீட்டைப் போலத் திருப்பி, மறுபடியும் மேலேயே வைக்க வேண்டும். பிறகு விரும்பிய இடத்தில் கட்டை வெட்டி, கீழ்ப்பகுதியை மேலே வைக்க வேண்டும். இதை எத்தனை முறை செய்வது என்பது அவர்கள் விருப்பம். ஒருவர் திருப்ப, அடுத்தவர் வெட்ட, கட்டு மேசையைச் சுற்றி வருவது இன்னும் நல்லது. ஏனெனில், எப்போது நிறுத்துவது என்று அவர்களுக்குள் எழும் விவாதமே உங்கள் வித்தையின் பாதி.

சில சீட்டுகள் மலர்ந்தும் சில கவிழ்ந்தும் கிடக்கும் அந்தக் குழப்பத்தை எல்லோரும் கண்டபின், எதையும் திருப்பாமல் மேலிருந்து இடம், வலம் என மாற்றி மாற்றி இரு குவியல்களாகப் போடச் சொல்லுங்கள். ஏதாவதொரு குவியலை மொத்தமாகப் புரட்டி மற்றதன்மேல் வைத்து விரித்தால், ஒரு நிறத்தின் ஐந்து சீட்டுகளும் மலர்ந்திருக்கும். மற்ற நிறத்தின் ஐந்தும் கவிழ்ந்திருக்கும்.

காரணம் எளிது, ஆனால் மிக அழகானது. இரண்டு சீட்டுகளைச் சேர்த்துத் திருப்பும்போது முதலிடத்துச் சீட்டு இரண்டாம் இடத்துக்கும், இரண்டாவது முதலிடத்துக்கும் போகின்றன. அதே நொடியில் இரண்டின் முகமும் மாறுகிறது. ஒற்றைப்படை இடத்துக்கும் இரட்டைப்படை இடத்துக்கும் இடையே ஒரு சீட்டு மாறும்போதெல்லாம் அதன் முகமும் உடன் மாறுவதால், தொடக்கத்தில் இடத்துக்கும் நிறத்துக்கும் இருந்த உறவு அறுபடுவதே இல்லை. வெட்டுவதோ எல்லாச் சீட்டுகளையும் ஒரே அளவு நகர்த்துகிறது. மொத்தம் பத்து என்ற இரட்டை எண் என்பதால் அதனாலும் உறவு கெடுவதில்லை. ஆக, பார்வையாளருக்கு நீங்கள் கொடுக்கும் சுதந்திரம் பாசாங்கு அல்ல, உண்மையானது. இந்த வித்தையை நான் பெரிதும் மதிப்பதற்குக் காரணம் அதுவே.

மலர்ந்திருக்கப்போவது சிவப்பா கறுப்பா என்பதை முன்னரே சொல்ல முடியாது. எனவே அதை வாக்குறுதியாகச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: பார்வையாளர் இடையில் தவறிவிட்டால் என்ன செய்வது?

பதில்: பெரும்பாலும் தவறு ஒன்றுதான்: இரண்டையும் சேர்த்துத் திருப்பாமல், ஒவ்வொன்றாக அதனதன் இடத்திலேயே திருப்பிவிடுவார்கள். அப்படி நேர்ந்தால் அந்த இரண்டு சீட்டுகளும் முடிவில் தவறான பக்கம் காட்டும். மீதிக் கட்டிலிருந்து நான்கைந்து சீட்டுகளை எடுத்து, ஒருமுறை நீங்களே செய்து காட்டிவிட்டுத் தொடங்குங்கள். முதல் இரண்டு சுற்றுகளையும் கவனித்து, கை பழகிவிட்டது என்று தெரிந்த பிறகு முதுகைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதே கூட்டத்தில் மீண்டும் செய்யலாமா?

பதில்: அப்படியே செய்ய வேண்டாம், நிறங்கள் மாறி மாறி இருப்பதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் கண்டுகொள்வார்கள். வேறொரு நாள் அதே நண்பர்கள் கேட்டால், இரண்டு, நான்கு, ஆறு என விரும்பிய இரட்டை எண்ணிக்கையில் சேர்த்துத் திருப்பச் சொல்லலாம். விதி அப்போதும் மாறாது; குழப்பமோ முன்னைவிடப் பலமடங்கு பெரிதாகத் தோன்றும்.