பொன்னாடைப் பட்டியல்

கேள்வி: எட்டு ஆண்டுகளாகச் சிறுகதை எழுதுகிறேன். பதினாறு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. ஆனாலும் இரவு வீட்டு வேலைகளை முடித்துவிட்டு எழுத உட்கார்ந்தால், 'நமக்கு எழுத வராது' என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. செய்த சாதனைகளை எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்தால் தன்னம்பிக்கை வளரும் என்று ஒரு பயிலரங்கில் சொன்னார்கள். எழுதிப் பார்த்தேன், நகல் இணைத்திருக்கிறேன். எனக்கே தற்புகழ்ச்சியாகத் தெரிகிறது. வீட்டிலும் கேலி செய்கிறார்கள். இப்படி ஒரு பட்டியல் தேவைதானா? (புதிய சிறுகதை ஒன்றும் உடன் உள்ளது.)
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, தென்காசி

பதில்: தேவைதான். ஆனால் நீங்கள் அனுப்பியிருக்கும் பட்டியல் அதற்கு உதவாது.

முதலில் தற்புகழ்ச்சி வழக்கை முடித்துவிடுவோம். யாருக்கும் தோன்றாததைத் தோற்றுவித்துத் துறை பல முடித்தவனே ஆனாலும் 'தான்தற் புகழ்தல் தகுதி அன்றே' என்று நன்னூல் பாயிரத்தில் கதவைச் சாத்துகிறார் பவணந்தி முனிவர். சாத்திய கையோடு அடுத்த சூத்திரத்தில் நான்கு சந்தர்ப்பங்களுக்கு அதைத் திறந்தும் விடுகிறார். அரசவைக்கு ஓலை அனுப்பும்போது புகழ்ந்துகொள்ளலாம். தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே புகழ்ந்துகொள்ளலாம். அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோதும் தகும். நான்காவது, 'தன்னை மறுதலை பழித்த காலையும்': அதாவது எதிராளி தன்னைப் பழிக்கும்போது. பவணந்தியார் நினைத்த எதிராளி இன்னொரு புலவராக இருந்திருப்பார். உங்கள் எதிராளி இரவில் பேனாவைத் திறந்ததும் உள்ளிருந்து பேசுகிறவர். எட்டு ஆண்டுகளாக அவர் ஒருதலையாக வாதாடிக்கொண்டிருக்கிறார். பதில் வாதத்துக்கு உங்களிடம் ஓர் ஏடு இருப்பதை எந்தப் புலவரும் குறை சொல்ல மாட்டார்.

அடக்கம் வேண்டாமா என்று கேட்பீர்கள். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனை என்று கம்பர் தன்னைச் சொல்லிக்கொண்டார். சொன்னது பாயிரத்தில். அவையடக்கத்தைச் சில பாடல்களோடு முடித்துக்கொண்டு அவர் காப்பியத்துக்குள் போய்விட்டார். நீங்கள் எட்டு ஆண்டுகளாகப் பாயிரத்திலேயே நிற்கிறீர்கள்.

இனி, உங்கள் பட்டியல். பதினொரு வரிகள். முதல் வரியில் ஒரு கல்லூரி விழாவில் பெற்ற பொன்னாடை. இரண்டாவது வரியில் ஒரு பட்டம். அதற்கு நுழைவுக் கட்டணம் கட்டியதை நீங்களே அடைப்புக்குறிக்குள் நேர்மையாகக் குறித்திருக்கிறீர்கள். அப்புறம் சான்றிதழ்கள், ஒரு பிரமுகரோடு எடுத்த புகைப்படம், முகநூலில் ஒரு பதிவுக்குக் கிடைத்த விருப்பக்குறிகளின் எண்ணிக்கை. ஒன்பதாவது வரியில், போகிற போக்கில், 'பல சிறுகதைகள் வெளியாகியுள்ளன'. அந்தப் பதினாறு கதைகளில் ஒன்றின் தலைப்பைக்கூட எழுதவில்லை. பிறர் உங்களுக்குச் செய்தவை பத்து வரி. நீங்கள் செய்தது ஒரு வரி, அதுவும் 'பல' என்ற சொல்லுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இது உங்களுக்கே பெருமையடிப்பாகத் தெரிவதில் வியப்பே இல்லை. கதை நடுவில் சிக்கிக்கொண்ட இரவில் எந்தப் பொன்னாடையும் அடுத்த வரியைச் சொல்லித் தராது.

அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம், அரசவை ஓலைக்கு ஆகும். விருதுக்கும் மானியத்துக்கும் விண்ணப்பிக்கும்போது தன்விவரக் குறிப்பில் சேர்க்கலாம். எழுதும் மேசைக்கு வேறு ஒன்று வேண்டும். எண்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு கதைக்கும் ஒரு பக்கம். எப்போது தொடங்கினீர்கள், எப்போது முடித்தீர்கள், எத்தனை முறை திருத்தி எழுதினீர்கள், எங்கே சிக்கியது, எப்படி விடுபட்டது. இந்தக் கடைசி இரண்டும்தான் சாதனை; மற்றவை தேதி. உதாரணத்துக்கு நானே ஒரு பதிவை எழுதிக் காட்டுகிறேன்: 'மாமியார் உண்மையைச் சொல்லும் இடத்தில் நான்கு நாள் நின்றுவிட்டது. எப்படிச் சொல்ல வைத்தாலும் நாடக வசனமாக இருந்தது. கடைசியில் அவரைப் பேசவே விடவில்லை. இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மருமகளின் தாலிக்கொடியைப் பார்க்கிறார், அவ்வளவுதான். கதை நகர்ந்தது.' அடுத்த முறை ஒரு பாத்திரம் வாயைத் திறக்க மறுக்கும்போது இந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். 'நமக்கு எழுத வராது' என்பவரிடம் காட்டுவதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது.

பழைய பதினாறு கதைகளுக்கும் நினைவிலிருந்து எழுதுங்கள். பாதிக்கு மேல் மறந்திருக்கும். திரும்பி வந்த கதைகளையெல்லாம் எந்த இதழ், என்ன காரணம் என்று கடிதத்தில் வரிசையாகச் சொல்கிறீர்கள். வெளிவந்தவற்றை எண்ணிக்கையாக மட்டும்தான் சொல்ல முடிகிறது. மனம் அப்படித்தான் கணக்கு வைத்துக்கொள்ளும். அதனால்தான் நோட்டு.

ஒன்றும் செய்யாத வாரங்களையும் அதில் குறியுங்கள். இங்கிலாந்தின் அந்தோணி டிரோலப் 47 நாவல்கள் எழுதியவர், அவற்றில் பலவற்றை அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்துகொண்டே. காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். எழுப்பிவிடுவதற்காகவே ஒரு பணியாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு அதிகம் கொடுத்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதினார். புது நாவல் தொடங்கும்போதே வாரக் கட்டங்கள் போட்ட ஒரு நாட்குறிப்பு தயாராகிவிடும். அன்றன்றைக்கு எத்தனை பக்கம் என்று அதில் பதிவார். வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கம்; குறைந்தது 20, அதிகம் போனால் 112. சோம்பிக் கிடந்த நாட்களும் அதே ஏட்டில் அவரை முறைத்துக்கொண்டிருக்கும். இந்தக் கணக்கையெல்லாம் அவர் சுயசரிதையில் எழுதி வைத்தார். அவர் இறந்த பிறகு 1883இல் அது வெளிவந்தபோது, இலக்கியத்தைச் செருப்புத் தைப்பதுபோல் பேசுகிறாரே என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. (அவர் தன் தொழிலைச் செருப்புத் தைப்பவரின் தொழிலோடுதான் ஒப்பிட்டார், கொஞ்சமும் கூச்சப்படாமல். எனக்கு அவரைப் பிடிக்க அதுவே காரணம்.) வெற்று நாட்களை மறைக்காத ஏடு என்பதால்தான் அதன் மற்றப் பக்கங்களை நம்ப முடிகிறது. வெற்றி மட்டும் இருக்கும் தாளை, எழுதியவரே இரண்டாம் வாரம் நம்ப மாட்டார்.

பயிலரங்கில் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நோட்டு வைத்தாலும் பயம் போகாது. 1938இல் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை எழுதிய ஐந்து மாதமும் கூடவே ஒரு நாட்குறிப்பு எழுதினார். நான் எழுத்தாளனே இல்லை, என்னையும் ஏமாற்றிக்கொண்டு பிறரையும் ஏமாற்றி வருகிறேன் என்று அதில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். முதல் நூல் எழுதிய இளைஞரின் புலம்பல் இல்லை இது. அதற்குள் புகழ்பெற்ற நூல்கள் சில அவருக்கு இருந்தன. ஆனால் அதே நாட்குறிப்பில் அன்றைய வேலை என்ன என்பதும் இருக்கிறது, அடுத்த நாளும் பதிவு இருக்கிறது. அக்டோபர் இறுதியில் நாவல் முடிந்தது; 1940இல் புலிட்சர் பரிசு. 'எழுத வராது' என்ற எண்ணம் உங்களுக்கும் வந்துகொண்டுதான் இருக்கும். அதையும் ஒரு வரி எழுதிவிட்டு, கீழே அன்று எழுதியதைக் குறியுங்கள்.

வாசகர் கடிதம் வந்தால் 'அருமை' என்பவற்றை விட்டுவிடுங்கள். கதையில் இன்ன இடம் என்று குறிப்பிட்டு எழுதியவற்றை மட்டும் அப்படியே ஒட்டி வையுங்கள், திட்டியிருந்தாலும். வீட்டுக் கேலிக்கு என்னிடம் மருந்து இல்லை. நோட்டைச் சுவரில் ஒட்ட முடியாது என்பதால் பாதி குறையலாம்.

உடன் அனுப்பிய கதையைப் படித்தேன். முதல் இரண்டு பத்திகள் மழையைப் பற்றியவை; கதைக்கும் மழைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் அந்தக் கிழவர் பையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அங்கிருந்து தொடங்குங்கள். முடிவில் மகன் திருந்துவதை நான் நம்பவில்லை, நீங்களும் நம்பி எழுதியதாகத் தெரியவில்லை. இரண்டையும் சரிசெய்து இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் அனுப்பினால் அடுத்த இதழுக்குப் பார்க்கலாம்.
— ஆசிரியர்