வாங்கும் முன்: கலைஞருக்கு அனுப்பிய காசு எங்கே போகிறது?

போன முறை வளரும் கலைஞர்களுக்குச் சின்னதாகப் பணம் அனுப்புவது பற்றி ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த வாரத்துக்குப் போதும். சிலவற்றை நறுக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ஓவியம், பாட்டு, காமிக்ஸ் என்று ஆறு பேருக்கு மாதம் ஆளுக்கு ஒரு டாலர் அனுப்புகிறேன். அது அவர்கள் கைக்குப் போகிறதா?

போகிறது, வழியில் இளைத்துக்கொண்டே. கார்டுப் பணத்தை வாங்கிக் கொடுக்கும் ஸ்ட்ரைப் போன்ற நிறுவனம் அமெரிக்காவில் வழக்கமாக ஒவ்வொரு தடவையும் 2.9 சதவீதமும் கூடவே 30 சென்ட்டும் பிடித்துக்கொள்கிறது. சதவீதம் வலிக்காது, அந்த 30 சென்ட்தான் ஆளைத் தின்னும். ஒரு டாலரில் 33 சென்ட் அங்கேயே காலி. மாதம் ஒன்று என்று பன்னிரண்டு தடவை அனுப்பினால் கிட்டத்தட்ட 4 டாலர் போய்விடும். அதே 12 டாலரை ஒரே தடவையில் அனுப்பினால் போவது 65 சென்ட். சில தளங்களில் சின்னத் தொகைக்குத் தனி விகிதம் உண்டு, ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது. அப்புறம் தளத்தின் கமிஷன். மாதச் சந்தாவாகக் கலைஞர்களுக்குப் பணம் கட்ட உதவும் பேட்ரியான் தளத்தில் 2025 ஆகஸ்டுக்குப் பிறகு கணக்கு தொடங்கிய கலைஞர்களிடம் 10 சதவீதம். அதுபோன்ற இன்னொரு தளமான கோ-ஃபையில் ஒருமுறை தரும் அன்பளிப்புக்குக் கமிஷன் கிடையாது, கார்டுச் செலவு மட்டும்தான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது செயலிக்குள் பணம் கட்டும் பழக்கம். ஒரே சந்தா, ஒரே கலைஞர், ஆனால் ஐபோன் செயலிக்குள் பொத்தானை அழுத்தினால் ஆப்பிள் முதல் வருடம் 30 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். பிரவுசரைத் திறந்து அதே பக்கத்தில் கட்டினால் அந்தப் பங்கு இல்லவே இல்லை. நேரலையில் பெயர் மின்னுவதற்காக அனுப்புகிறீர்களே சூப்பர் சாட், அதிலும் சுமார் 30 சதவீதம் யூடியூபுக்கு. ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படம் போட்டவருக்குக் கொடுக்க நினைத்த காசில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, பொத்தான் வைத்திருந்த ஒரே காரணத்துக்காக இன்னொருவருக்குப் போகிறது. பிரவுசரைத் திறக்க இருபது வினாடி ஆகுமா? அந்த இருபது வினாடிக்குச் சோம்பல்பட்டுவிட்டு, 'கலைஞர்களை ஆதரிப்போம்' என்று பதிவு போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

உங்களுக்கு என் யோசனை: ஆறு பேரையும் வைத்துக்கொள்ளுங்கள், மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து மொத்தமாக அனுப்புங்கள்.

கேள்வி: ஒரு பாடகருக்கு அன்பளிப்பு அனுப்பினேன். நன்றிகூடச் சொல்லவில்லை. திரும்பக் கேட்கலாமா?

கூடாது.

கேள்வி: கிக்ஸ்டார்ட்டரில் ஒரு படக்கதைப் புத்தகத்துக்குப் பணம் போட்டேன். தருவதாகச் சொன்ன தேதி போய் இரண்டு வருடம் ஆகிறது. ஏமாந்துவிட்டேனா?

இன்னும் சொல்ல முடியாது. கிக்ஸ்டார்ட்டர் என்பது இனிமேல் செய்யப்போகும் படைப்புக்கு முன்கூட்டியே பலரிடம் பணம் திரட்டும் தளம்; அது கடை அல்ல என்று அந்த நிறுவனமே 2012-லிருந்து சொல்லிவருகிறது. இலக்குத் தொகை சேராவிட்டால் உங்கள் கார்டில் கை வைக்க மாட்டார்கள். சேர்ந்த பிறகு ஒப்பந்தம் உங்களுக்கும் கலைஞருக்கும் இடையில்தான். 2015-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மோலிக் 47 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதரவாளர்களிடம் கேட்டு எடுத்த ஆய்வில், சுமார் 9 சதவீதத் திட்டங்கள் சொன்னதைத் தரவில்லை என்று தெரிந்தது. பதினொன்றுக்கு ஒன்று. இது தாமதக் கணக்கு அல்ல, வராமலே போனவற்றின் கணக்கு.

நான் பணம் போட்ட ஒரு திட்டமும் அந்தப் பட்டியலைச் சேர்ந்ததுதான். மரச்செதுக்கு அச்சில் பறவைகள், கையெழுத்திட்ட பிரதி, பன்னிரண்டு படங்கள். முதல் படத்தை மட்டும் ஸ்கேன் செய்து காட்டினார்கள், ஒரு மீன்கொத்தி, அலகின் நுனியில் மை கொஞ்சம் கசிந்திருந்தது, அந்தக் கசிவுக்காகவே எனக்குப் பிடித்துப்போயிற்று. அதோடு சரி. அந்தக் கலைஞர் முன்பு ஏதாவது ஒன்றையாவது முடித்து அனுப்பியிருக்கிறாரா என்று நான் பார்க்கவே இல்லை.

உங்களவர் மாதம் ஒருமுறையாவது நிலவரம் எழுதுகிறாரா? அச்சகத்திலிருந்து மாதிரிப் பக்கம் காட்டுகிறாரா? அப்படியானால் பொறுங்கள், தனியாள் வேலை இழுக்கத்தான் செய்யும். ஆறு மாதமாகச் சத்தமே இல்லையென்றால், பணம் எதற்குச் செலவானது என்று கணக்குக் கேளுங்கள். விதிப்படி அவர் சொல்லியாக வேண்டும். அன்பளிப்பு வேறு, பொருள் தருகிறேன் என்று வாங்கிய பணம் வேறு.

கேள்வி: நான் விரும்பும் ஓவியரின் பெயரிலும் படத்திலும் ஒரு கணக்கு. 'கைமுறிவு, வரைய முடியவில்லை, உதவுங்கள்' என்று க்யூஆர் கோடு. அனுப்பிவிட்டேன். மறுநாள் உண்மையான ஓவியர் அது தான் இல்லை என்று எழுதினார். வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. கைமுறிவு என்றதும் யோசிக்காமல் அனுப்பத் தோன்றியதே, அந்த மனதைத்தான் அந்தத் திருடன் குறிவைத்தான். பேசிக்கொண்டிருக்காமல் முதலில் உங்கள் வங்கியைக் கூப்பிடுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஸ்கிரீன்ஷாட், பரிவர்த்தனை எண், அந்தக் கணக்கின் முகவரி மூன்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் தளத்தில் புகார் செய்ய வேண்டும். அவர்கள் கணக்கை நீக்கிவிட்டால் உங்களிடம் சான்று இருக்காது. காவல்துறையிலும் கொடுங்கள். பணம் முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டேன். இனி யாருக்கு அனுப்பினாலும், அந்தக் கலைஞரின் சொந்த இணையதளத்தில் இருக்கும் இணைப்பு வழியாகவே போங்கள். படத்தில் இருக்கும் க்யூஆர் கோடு யார் வேண்டுமானாலும் ஒட்டக்கூடியது.

கேள்வி: ஒருமுறை கொடுத்ததாக நினைத்தேன். ஒன்பது மாதமாகப் பிடித்திருக்கிறார்கள். இது மோசடிதானே?

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டிலேயே 'மாதந்தோறும்' என்று பொத்தானுக்கு மேலே இருக்கிறது. ஒன்பது மாத வங்கிக் கணக்கை ஒருநாள்கூடத் திறந்து பார்க்காதவர் மோசடி என்று பேசலாமா? ரத்து செய்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். (பாடுவதையே விட்டுவிட்ட ஒருவருக்கு நான் பதினான்கு மாதம் கட்டினேன். அதனால்தான் குரல் உயர்கிறது.)

கேள்வி: காசு இல்லை. அறிமுகப் பாடகர் ஒருவரின் பாட்டை ராத்திரி முழுக்கச் சத்தமில்லாமல் ஓடவிடுகிறேன். உதவிதானே?

உபத்திரவம். 2024 முதல், பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டால்தான் அதற்குப் பணம். செயற்கையாக ஓட்டியது என்று கண்டுபிடித்தால் அபராதம் வேறு, அது கடைசியில் பாடகர் தலையில்தான் விழும். காசு கிடைக்கும்போது, பாடகர்கள் தங்கள் பாட்டை நேராக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரே ஒரு பாட்டு வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனைக்கு அவர்கள் எடுப்பது 15 சதவீதம், 2020 மார்ச்சிலிருந்து 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: கலைஞரின் படம் போட்ட டி-ஷர்ட் வாங்குவது நல்லதா, நேராகப் பணம் கொடுப்பது நல்லதா?

சட்டை தேவையென்றால் சட்டை. உதவத்தான் என்றால் நேராகக் கொடுங்கள், துணி, அச்சு, தபால் எல்லாம் போன பிறகு அவருக்கு மிஞ்சுவது கொஞ்சம். நான் உதவி என்று நினைத்து வாங்கிய சட்டை இரண்டாவது சலவையிலேயே நிறம் விட்டது. இப்போது சைக்கிள் செயின் துடைக்கிறேன்.