பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எட்டு ஆண்டுகளாக ஒரு சிறிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன்; 60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக, சிக்னலில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன் சக்கரங்களிலிருந்து கிறீச்சென்று ஒலி வருகிறது. பேடு தேய்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். ஸ்கூட்டருக்கு பிரேக் ஷூவை நானே மாற்றிப் பழக்கம் உண்டு. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வைத்தே காருக்கும் மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: மாற்றலாம். முன் சக்கர டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் தட்டை (டிஸ்க்) இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளை மாற்றுவது, ஸ்பானர் பிடித்துப் பழகிய கைக்கு எட்டாத வேலை அன்று. ஆனால் ஸ்கூட்டரில் பெற்ற பழக்கம் பாதி வேலைக்குத்தான் உதவும். காரில் முதல் ஆபத்து, அவ்வளவு எடையைத் தூக்கி நிறுத்துவதில் இருக்கிறது. ஆகவே முதலில் தரையைப் பாருங்கள். உங்கள் இடம் சாய்தளத்தை ஒட்டி இருந்தாலோ, வழுவழுப்பான டைல்ஸ் பதித்திருந்தாலோ அங்கே வேலையைத் தொடங்காதீர்கள். சமமான சிமென்ட் தரை வேண்டும். காருடன் வரும் ஜாக்கி, பஞ்சரான சக்கரத்தை மாற்றுவதற்கு மட்டுமே உரியது. காரைத் தூக்கியதும், கையேட்டில் காட்டியுள்ள இடத்தில் இரும்பு ஸ்டாண்டைக் கொடுத்து எடையை அதன் மேல் இறக்குங்கள். கழற்றிய சக்கரத்தையும் கதவுக்கு அடியில் உள்ள சட்டத்தின் கீழே படுக்க வையுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு முகப்பில் ஜாக்கி வழுக்கிச் சாய்ந்தபோது, அப்படிப் படுக்க வைத்திருந்த சக்கரத்தின் மேல்தான் கார் வந்து உட்கார்ந்தது. அது அங்கே இல்லாதிருந்தால் என் முன்கை தப்பியிருக்காது.

கார் தரையில் இருக்கும்போதே சக்கர நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திக்கொண்டு, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்குப் பின்னால் மரக்கட்டை வைத்த பிறகே தூக்க வேண்டும்.

நீங்கள் கேட்கும் ஒலி பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை. பல பேடுகளின் பின்தகட்டில் சிறிய எஃகு நாக்கு ஒன்று இருக்கும்; உராய்வுப் பகுதி குறைந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கிறீச்சிடும். அதைக் கேட்டும் பல வாரங்கள் ஓட்டினால், பின்தகடே டிஸ்க்கை அறுக்கத் தொடங்கி, பேடுடன் போக வேண்டிய செலவு டிஸ்க்குக்கும் சேர்ந்துவிடும். புதிய பேடில் உராய்வுப் பகுதி சுமார் 10 மி.மீ. கனம் இருக்கும், 3 மி.மீ. அளவுக்கு வந்தாலே மாற்றிவிடுவது நல்லது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரு முன் சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையெனில் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ அதன் குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் புதிய பேடு போட்டுப் பயனில்லை.

சக்கரத்தைக் கழற்றியதும், பேடுகளைத் தாங்கி டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் கீழ் போல்ட்டை எடுத்தால் பல சிறிய கார்களில் காலிப்பரைக் கதவுபோல் மேலே திருப்பிவிடலாம். முழுவதுமாகக் கழற்ற நேர்ந்தால், கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் சுருளில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் எடை தொங்கக் கூடாது. உள்ளே படிந்துள்ள கருந்தூளை வாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவதும், நான் மிகவும் வற்புறுத்த விரும்புவதும் இதுதான்: பழைய பேடுகள் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உட்புறப் பேடு தகடு வரை தேய்ந்து, வெளிப்புறப் பேடு பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால், குறை பேடில் இல்லை. பெரும்பாலும் காலிப்பர் நகர்வதற்கான பின்கள் இறுகியிருக்கும். மழைக்காலத்தில் தேங்கும் நீரில் ஓடும் நம் கார்களில், ரப்பர் உறை கிழிந்திருந்தால் பின்கள் துருப்பிடித்துவிடும். பின்னை உருவி, துருவைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லப் பூசி, விரலால் தள்ளினால் வழுக்கிச் செல்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் பேடை மட்டும் மாற்றினால், புதியதும் பழையதைப் போலவே தேய்ந்துபோகும்.

புதிய பேடு தடிமனாக இருப்பதால், காலிப்பருக்குள் இருந்து பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை அதன் மேல் வைத்து, சி-கிளாம்ப் என்னும் திருகு இடுக்கி கொண்டு மெதுவாகத் திருகுங்கள். அப்போது மேலே பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். இடையில் யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் அது வழியும். பெயின்ட்டை அரித்துவிடும் என்பதால், சிந்திய இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். புதிய பேடின் உராய்வுப் பகுதியில் கிரீஸோ எண்ணெய்க் கையோ படக் கூடாது.

எல்லாம் பூட்டி முடித்ததும், காரை ஓர் அங்குலம்கூட நகர்த்துவதற்கு முன், பிரேக் பெடலைப் பல முறை அழுத்துங்கள். உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன் பேடைத் தொடும் வரை முதல் அழுத்தல்களில் பெடல் தரை வரை போகும்; பிரேக் இருக்காது. பெடல் கெட்டியாகிக் காலைத் தாங்கிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும். முதல் 200 கிலோமீட்டருக்கு, அவசியமின்றி அழுத்தி பிரேக் பிடிப்பதைத் தவிருங்கள்.

கேள்வி: பின் சக்கரங்களில் டிரம் பிரேக் இருக்கிறது. அதையும் இப்படியே நானே மாற்றலாமா? பிரேக் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்?
– வாசகி, பெருங்குடி

பதில்: டிரம் பிரேக்கை முதல் முறை தனியாகச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஷூக்களைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகள் கையைக் கிழிக்கும் வேகத்தில் தெறிக்கும். மேலும், டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும் என்பதால், தூக்கி வைத்த காருக்கு அந்தப் பிடிப்பும் போய்விடும். பழகியவர் உடனிருந்தால், ஒரு பக்கத்தைப் பிரிக்கும்போது மறுபக்கத்தை அப்படியே விட்டுவையுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்பதை அதைப் பார்த்துத்தான் பூட்ட முடியும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. சென்னைக் காற்றில் அந்த ஈரத்துக்குக் குறைவில்லை. டாட் 3 என்னும் தர வகை பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிதான். அது கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். ஆகவே கையேடு வேறு கணக்குச் சொல்லாவிட்டால் 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஆயில் மாற்றும்போது குழாய்களில் புகும் காற்றை வெளியேற்ற வேண்டியிருப்பதால், அந்த வேலையைப் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் ஒரே காருக்குப் பல விலைகளில் பேடு சொல்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: கார் நிறுவனத்தின் பெயரிலோ, பிரேக் தயாரிப்பில் பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயரிலோ உள்ள பேடை, பில்லுடன் வாங்குங்கள். பழைய பேடு ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, பின்தகட்டின் வடிவம், எஃகு நாக்கின் இடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் பழையதாக வாங்குவதில் தவறில்லை. பிரேக் பேடைப் பழையதாக வாங்காதீர்கள்.