நந்தினி பொய்யா? – ஒரு வாசகர் கடிதம்

வணக்கம் சார்,

குழந்தை பிறந்து நாலு மாசமா வீட்ல தான் இருக்கேன். ராத்திரி பாப்பா முழிச்சிருக்கிற நேரமெல்லாம் போன்ல படிச்சுப் படிச்சே மூணு புக் முடிஞ்சிருச்சு. பொன்னியின் செல்வன் அஞ்சு பாகம், ஹிலரி மேன்டலோட இங்கிலாந்து சரித்திர நாவல் உல்ஃப் ஹால், உர்சுலா லெ குவினோட எர்த்ஸீங்கிற ஃபேன்டசி வரிசையில முதல் புக்.

பொன்னியின் செல்வன் விறுவிறுன்னு போச்சு, ஆனா அத்தனை பக்கம் படிச்சும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனை யார் கொன்னாங்கன்னு கல்கி கடைசி வரைக்கும் தெளிவா சொல்லவே இல்லையே? அதுக்கப்புறம் அந்தச் சதியில வர்ற நந்தினின்னு ஒருத்தி சரித்திரத்துலயே இல்லைன்னு தெரிஞ்சப்போ ஏமாந்த மாதிரி ஆயிருச்சு. உல்ஃப் ஹால்ல 'அவன்' 'அவன்'னு வருது, எவன்னே புரியல, ரெண்டு தடவை பாதில விட்டு அப்புறம் தான் முடிச்சேன். எர்த்ஸீ ரெண்டே ராத்திரி. ரொம்பப் பிடிச்சது. இது கற்பனைன்னு முதல்லயே சொல்லிட்டு ஆரம்பிக்குது, யாரையும் ஏமாத்தல. அதனால சரித்திர நாவலை விட ஃபேன்டசி தான் நேர்மையானதுன்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கைக்குழந்தையை வச்சுக்கிட்டு இவ்வளவு படிச்சிருக்கீங்க, முதல்ல அதுக்கே சந்தோஷம். பாப்பாவுக்கு என் அன்பு.

நந்தினியில இருந்தே ஆரம்பிக்கிறேன். நாவலோட முதல் அத்தியாயம் ஞாபகம் இருக்குமே, ஆடிப் பதினெட்டு, வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரை மேல குதிரையில வர்றான். அந்த ஏரிதான் இன்னைக்கு நாம வீராணம்னு சொல்றது. அதுக்குப் பக்கத்துல காட்டுமன்னார்கோயில், அங்க உடையார்குடின்னு ஒரு இடம், அனந்தீஸ்வரர் கோயில். ஆதித்த கரிகாலன் கொலையைப் பத்தி நம்மகிட்ட இருக்கிற முக்கியமான கல்வெட்டு அந்தக் கோயில்ல தான் இருக்கு. கொலையில முடியப்போற கதையை கல்கி அந்தக் கல்லுக்குப் பக்கத்துல இருந்தே ஆரம்பிச்சு வைக்கிறார்ங்கிறது எனக்கு அங்க போய் நின்னப்போ தான் உறைச்சது. ரொம்ப நேரம் அந்தச் சுவர் முன்னாடியே நின்னேன்.

அந்தக் கல்வெட்டு கொலையைச் சொல்றதுக்காக வெட்டினதே இல்ல. ஒருத்தர் நிலம் வாங்கி, தண்ணி வைக்கிறதுக்கும் சாப்பாடு போடுறதுக்கும் தர்மமா எழுதி வச்சிருக்கார், அதுக்கான பத்திரம் அது. இந்த நிலம் எப்படி விலைக்கு வந்துச்சுன்னு சொல்ல வேண்டி இருந்ததால தான் ராஜராஜனோட 2-ஆம் ஆட்சியாண்டு உத்தரவு உள்ள வருது: பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ன துரோகிகளான சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன், இவங்களோட சொத்தும் உறவுக்காரங்க சொத்தும் பறிமுதல். அவ்வளவு தான். ஏன் கொன்னாங்க, யாராவது தூண்டி விட்டாங்களா, எந்த ராத்திரி, எந்த அறை, ஒண்ணும் கிடையாது. ராஜராஜனுக்கு முன்னாடி ஆண்ட உத்தம சோழன் மேல வரலாற்று ஆய்வாளர் நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார், அதை ஒத்துக்காத ஆய்வாளர்களும் இருக்காங்க.

இப்போ நீங்களே சொல்லுங்க, நந்தினி எந்தக் கல்லை மறுக்குறா? கல்லு வாயை மூடிக்கிட்ட இடத்துல கல்கி ஒரு பொண்ணை நிக்க வச்சார், எனக்கு அது பொய்யாவே படல. யார் கத்தி குத்துச்சுன்னு சொல்லாம விட்டதை நீங்க குறையா சொல்றீங்க, நான் அந்த அஞ்சு பாகத்துலயும் கல்கி கிட்ட ரொம்ப மரியாதை வச்சிருக்கிற இடமே அது தான், தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி முடிச்சு வைக்காம அந்த இருட்டை அப்படியே விட்டாரே.

ஆனா உங்க கோபத்துக்கு வேற ஒரு இடத்துல நியாயம் இருக்கு, ரவிதாசன். நாவல்ல அவன் மந்திரவாதி, காட்டுலயும் சுரங்கத்துலயும் ஒளிஞ்சு திரியிற பாண்டிய நாட்டுச் சதிகாரன். கல்வெட்டுல இருக்கிறவங்க பெரிய பட்டம் வாங்கின அதிகாரிகள், சோழ நாட்டுக்குள்ளயே நிலம் வச்சிருந்தவங்க. பஞ்சவன்னா பாண்டியன், அதனால ரவிதாசன் பாண்டிய நாட்டு அதிகாரியா இருந்திருக்கலாம்னு ஒரு வாதம் உண்டு, சரி, ஆனா இருமுடிச்சோழன்ங்கிறது சோழப் பட்டமாச்சே. வீட்டுக்குள்ள இருந்தே நடந்திருக்கக்கூடிய ஒரு கொலையை வெளியாள் தலையில கட்டினது எனக்கு உண்மையிலயே வருத்தம், ஏன்னா கல்லு பேசின ஒரே இடத்துல நாவலாசிரியர் காதைத் திருப்பிக்கிட்டார்.

என் அளவுகோல் இவ்வளவு தாங்க, எழுதுறவங்க கைவைக்கக் கூடாத ஒண்ணு இருக்கணும், அதை மதிக்கணும். மேன்டலைப் பாருங்க, உல்ஃப் ஹாலோட நாயகன், எட்டாம் ஹென்றி ராஜாவோட மந்திரி தாமஸ் கிராம்வெல்லோட சின்ன வயசு பத்தி ஆவணம் ரொம்பக் குறைவு, லண்டன் பக்கம் பட்னியில கொல்லர் மகன், எப்பப் பிறந்தார்னு கூட உறுதியா தெரியாது. அங்க தான் அப்பன்காரன் போட்டு மிதிக்கிற அந்த முதல் காட்சியை வைக்கிறாங்க. ஆனா 1535 ஜூலையில ராஜாவை எதிர்த்த தாமஸ் மோர் தலை போயே ஆகணும், அதை யாராலயும் தள்ளிப் போட முடியாது. அந்த 'அவன்' குழப்பம் நிறைய பேருக்கு இருந்தது, அடுத்த புக்ல 'அவன், கிராம்வெல்'னு அவங்களே சேர்த்து எழுதுறாங்க. சந்தேகம் வந்தா கிராம்வெல்னே வச்சுக்கோங்க, பெரும்பாலும் சரியா இருக்கும். தமிழ்ல கொண்டு வர்றவங்களுக்கு இதுல இன்னொரு கஷ்டமும் இருக்கு, அடி வாங்குற பையன் 'அவன்' தான், ராஜாவோட மந்திரி ஆனதுக்கப்புறம் எந்தப் பக்கத்துல இருந்து 'அவர்'?

எர்த்ஸீ உங்களுக்குப் பிடிச்சதும் இந்தக் காரணத்துக்காகத் தான் இருக்கும்னு நினைக்கிறேன். கற்பனைன்னு அறிவிச்சுட்டா மட்டும் ஒரு புக் நேர்மையாயிடாது, மந்திரம் எதை வேணா பண்ணும்னு எழுதுற ஃபேன்டசி எத்தனை படிச்சிருப்போம், மூணாவது சண்டையிலயே சலிச்சுப் போகும். லெ குவின் 1968-லயே கணக்கை இறுக்கமா வச்சுட்டாங்க. ஒரு தீவுல மழையை வரவழைச்சா இன்னொரு தீவுல வறட்சி வரலாம். அதனால தான் ஓஜியன் அவ்வளவு பெரிய மந்திரவாதியா இருந்தும் மழையை விரட்டாம மரத்தடியில போய்ப் படுத்துக்கிறார், அவரோட சீடன், சின்னப் பையன் கெட்டுக்கு அது புரியாம எரிச்சல் வருது. பின்னாடி கெட் வீம்புக்கு ஒரு மந்திரத்தைப் போட, திறந்துகிட்ட கதவை மூட மந்திரப் பள்ளித் தலைவர் நெம்மர்ல் உயிரையே கொடுக்க வேண்டி வருது. அவரை எழுப்பி உட்கார வைக்க லெ குவினுக்கு என்ன தடை? எந்தக் கல்வெட்டும் இல்லையே. ஆனாலும் எழுப்பல. கரிகாலனை கல்கியால காப்பாத்த முடியாத மாதிரியே தான் இதுவும்.

எர்த்ஸீல ரெண்டாவது புக்கையும் படிச்சிருங்க, 'த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' (The Tombs of Atuan). சின்னக் குழந்தையாவே வீட்ல இருந்து கூட்டிட்டுப் போய், பேரைப் பிடுங்கிட்டு கோயில் பூசாரியாக்கின ஒரு பொண்ணோட கதை. அதுல வர்ற மந்திரம் கம்மி, இருட்டு ஜாஸ்தி. முதல் புக்கை விட எனக்கு அது தான் ஒசத்தி. முடிச்சுட்டு எழுதுங்க, பாப்பா தூங்குற நேரம் பார்த்து.

அன்புடன்